அம்மா வைத்த உளுந்தம்பருப்புச் சோறு: போனவர்களின் கைப்பக்குவத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

அம்மா தவறி மூன்று வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன அன்று சாயங்காலம், அண்ணன் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "உளுந்தம்பருப்புச் சோறு இனி யாரு வைப்பா?" என்று கேட்டான். யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கு அந்தச் சோறு வைக்கத் தெரியும். அவன் கேட்டது அதை இல்லை என்பதும் தெரியும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் ஒன்பது தடவை வைத்துப் பார்த்துத்தான் அம்மா வைத்த சோற்றைப் பிடித்தேன். எங்கே சறுக்கினேன், எது கைகொடுத்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் அது மீன்குழம்பாக இருக்கலாம். அப்பா மட்டும் வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறியாகவோ, ஆச்சி பிடித்துத் தந்த பொரிவிளங்காய் உருண்டையாகவோ இருக்கலாம். தேடுகிற வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

திருநெல்வேலிப் பக்கம் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உளுந்தம்பருப்புச் சோறு என்பது தோல் நீக்காத, உடைத்த கருப்பு உளுந்தை அரிசியோடு சேர்த்துப் பூண்டு, சீரகம், வெந்தயம், தேங்காய் போட்டு வடிக்காமல் வைக்கும் சோறு. அந்த உளுந்தை நாங்கள் தொலி உளுந்து என்போம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்தால் இடுப்புக்குப் பலம் என்று கட்டாயம் வைத்துக் கொடுப்பார்கள். மற்றபடி விசேஷச் சாப்பாடு இல்லை, சாதாரணக் கிழமையில் வைப்பதுதான்.

முதலில் எந்தச் சாப்பாடு என்று முடிவு செய்யுங்கள்

தீபாவளிப் பலகாரம், கல்யாணச் சமையல், பொங்கல் படைப்பு இவற்றை எடுக்காதீர்கள். அவற்றில் நாலு பேர் கை சேர்ந்திருக்கும். ஒருவர் தனியாக, யாரும் பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமையில் செய்ததை எடுங்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் நாக்கு எதைத் தேடியது, விடுதியிலிருந்து ஊருக்கு வந்தால் முதலில் எதைக் கேட்டீர்கள் என்று யோசித்தால் அது தானாக வந்து நிற்கும்.

ஒரே ஒரு சாப்பாட்டைத்தான் எடுக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் புளிமிளகாய், கூட்டாஞ்சோறு, சொதி என்று எட்டு எழுதி வைத்துக்கொண்டு எதையும் தொடாமல் நாலு மாதம் இருந்தேன். ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றவற்றுக்குத் தைரியம் வரும்.

ருசியைவிட வாசனைக்குப் பின்னால் போங்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி கொஞ்சம்தான். "இது அம்மா கை" என்று நாம் சொல்லும் விஷயத்தில் பெரும்பகுதி, மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனை. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேராகப் போய்விடுகிறது. தாளிக்கிற வாசனை பட்டதும் என்ன ஏதென்று புரிவதற்கு முன்னால் கண் கலங்குவது இதனால்தான். ஜலதோஷம் இருக்கும் நாளில் சமைத்துப் பார்த்து, வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

பாத்திரங்களைப் பங்கு வைப்பதற்கு முன்னால்

இதை மட்டும் அவசரமாகச் செய்ய வேண்டும். காரியம் முடிந்த வாரத்திலேயே வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று நல்ல மனதோடு சிலர் இறங்குவார்கள். அடுக்களையை மட்டும் ஒரு மாதம் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அஞ்சறைப்பெட்டியைக் கழுவாதீர்கள். மூடியைத் திறந்து ஒரு படம் எடுங்கள். எந்தக் கிண்ணத்தில் எது, எது எவ்வளவு குறைந்திருக்கிறது, உள்ளே கிடக்கும் கரண்டி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவர் கடைசியாக அரைத்த பொடி ஏதாவது மிச்சம் இருந்தால் சமைத்துத் தீர்க்க வேண்டாம். ஈரமில்லாத சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, தேதி எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். நீங்கள் புதிதாக அரைக்கும் பொடியைப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

அளக்கிற பாத்திரம் எது என்று கண்டுபிடியுங்கள். எங்கள் அம்மாவுக்கு அது விளிம்பு நசுங்கிய ஒரு எவர்சில்வர் டம்ளர். அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் அதில்தான். அது பழைய பாத்திரம் என்று போடப் போன மூட்டைக்குள் இருந்தது. நல்லவேளை, மூட்டை வாசல் தாண்டவில்லை.

அப்புறம் மளிகைச் சீட்டு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பால் கணக்கு நோட்டில், மாத்திரை அட்டையில் என்று எங்கே எழுதியிருந்தாலும் எடுத்து வையுங்கள். எங்கள் அம்மாவின் சீட்டுகளில் மாதா மாதம் வெந்தயம் கால் கிலோ என்று இருந்தது. ஐந்து பேர் வீட்டுக்கு அது அதிகம். வெந்தயத்தில் அம்மா கை தாராளம் என்று எனக்கு அந்தத் தாள்தான் சொன்னது. அவர் வழக்கமாக வாங்கிய கடையில் எந்த உளுந்து, எந்த எண்ணெய் வாங்கினார் என்று கேளுங்கள். மிளகாய், மல்லி அரைத்த மில்லுக்கும் போங்கள். இருபது வருடம் ஒரே ஆளுக்கு அரைத்துக் கொடுத்தவருக்கு அந்த வீட்டு மல்லிக்கும் மிளகாய்க்கும் உள்ள கணக்கு மனப்பாடம். எங்கள் மில்லுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், "ஒங்கம்மா விரலி மஞ்சளை வெயில்ல வெச்சித்தான கொண்டாருவா, நீ அப்படியே கொண்டாந்திருக்கியே" என்றார்.

எப்படிக் கேட்பது

"அம்மா இதை எப்படி வைப்பா?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. நான் சித்தியிடம் அப்படித்தான் கேட்டேன். "எல்லாரும் வைக்க மாதிரிதான்" என்றாள். எவ்வளவு வெந்தயம் என்றால், "கைக்கு வந்தது". அவள் மறைக்கவில்லை. கையில் இருக்கும் விஷயம் வாய்க்கு வராது.

அவள் வீட்டு அடுக்களையிலேயே நின்று சமைக்க ஆரம்பித்தபோதுதான் வழி திறந்தது. உளுந்தோடு வெந்தயத்தையும் வாணலியில் போட்டேன். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் வாசம் பட்டதும் எழுந்து வந்துவிட்டாள்.

"ஏட்டி, அதை ஏன் வறுக்க? ஒங்கம்மா பச்சையால்லா போடுவா."

"வறுத்தா என்ன சித்தி?"

"கசக்கும்பா. ஒங்க ஆச்சி வறுப்பா. அதுக்கே ரெண்டு பேருக்கும் சண்டை வரும்."

ஆகவே முறை இதுதான்: தெரிந்தவர் முன்னால் நின்று, தப்பாகச் செய்யுங்கள். கேட்டால் சொல்லத் தெரியாதவர்களும் திருத்துவதற்கு ஓடி வருவார்கள். போனை ஒரு ஓரமாகச் சாய்த்து வைத்து ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது மரியாதை.

ஒவ்வொருவரிடமும் அவர் எங்கே நின்று பார்த்தாரோ அதைக் கேளுங்கள். அப்பா அடுக்களைப் பக்கம் போனதே இல்லை. ஆனால், "எனக்குப் பிரஷர்னு சொன்னப்புறம் உப்பைக் குறைச்சிட்டா" என்று அவர்தான் சொன்னார். அண்ணனுக்கு நினைவில் இருந்தது ஒரு சத்தம், வெண்கலப் பானையின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம். அதை வைத்துப் பரணில் தேடிப் பானையை இறக்கினோம். பக்கத்து வீட்டு மதினியிடம், சொல்லப் போனால், எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "பதினோரு மணிக்கு ஒங்க வீட்டுல உளுந்து வறுக்க வாசம் வரும். அதை வெச்சித்தான் நான் ஒலையே போடுவேன்" என்றார். நான் அதை எழுதி வைத்தேன். அது எவ்வளவு பெரிய தகவல் என்று அப்போது தெரியவில்லை.

துக்கத்தில் இருப்பவரிடம் நீண்ட நேரம் கேட்க வேண்டாம். பத்து நிமிடம் பேசுங்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவர்களுக்கு மிச்சம் தோன்றுவதெல்லாம் ராத்திரி பத்து மணிக்குப் போனில் வரும்.

கை அளவைக் கிராமுக்கு மாற்றுவது

வீட்டுத் தராசு ஒன்று வாங்குங்கள், 1 கிராம் வரை காட்டுவது போதும். அம்மாவின் டம்ளரைத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்கி, அம்மா அளக்கும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. எங்கள் டம்ளர் 210 மில்லி. பிறகு அதே டம்ளரில் அரிசி தலைதட்டி எவ்வளவு, கோபுரமாக எவ்வளவு என்று தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். அவர் தலைதட்டி அளப்பவரா, கோபுரமாக அளப்பவரா என்று வீட்டில் யாருக்காவது நிச்சயம் தெரியும்.

பழைய ஆட்கள் ஆழாக்கு, உழக்கு, படி என்று சொன்னால், 2 ஆழாக்கு 1 உழக்கு, 4 உழக்கு 1 படி. படி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் வந்துவிட்டாலும் அடுக்களைக்குள் படி அப்படியே இருந்தது. அதனால் படி என்றால் இத்தனை மில்லி என்று புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள், அந்த வீட்டுப் படியை நிறுத்துப் பாருங்கள்.

ஒரு பிடி, ஒரு சிட்டிகைக்கு அவரைப் போல் கை உள்ள ஆளைப் பிடியுங்கள். சித்தி கையும் அம்மா கையும் ஒரே அளவு. வெந்தயத்தை ஐந்து தடவை அள்ளிப் போடச் சொல்லி ஒவ்வொரு தடவையும் நிறுத்தேன். 5 கிராமுக்கும் 6 கிராமுக்கும் நடுவிலேயே நின்றது. கண்ணால் அளக்கிறவர்கள் கை எவ்வளவு சுத்தம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பக்கம். முந்தின தடவையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் வந்தது, எதனால் போனது என்று தெரியாமல் போய்விடும். பக்கத்தின் அடியில் யார் சாப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

என் நோட்டிலிருந்து சுருக்கமாக. முதல் தடவை சென்னையில், குக்கரில், பொன்னி அரிசியில். கூழாகிவிட்டது. இரண்டாவது, பானை. மூன்றாவதில் உளுந்தை அம்மா மாதிரி நிதானமாக வறுத்தேன். வறுப்பதில்தான் பாதி இருக்கிறது: கருப்புத் தோலில் நிறம் தெரியாது, உடைந்த வெள்ளைப் பக்கம் பொன்னிறத்துக்கு வரும்போது அடுப்பை அணைக்க வேண்டும். நான்காவது, வெந்தயம் பச்சையாக. ஐந்தாவதில் அரிசியை மாற்றினேன். அம்மா வாங்கியது அம்பை 16, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ரகம். குட்டையாக, தடிமனாக இருக்கும். பொன்னி மெலிந்த அரிசி, உளுந்து வேகும் நேரத்துக்கு அது தாங்கவில்லை. இந்த ஒரு மாற்றத்தில் சோறு பாதித் தூரம் வந்துவிட்டது.

ஆறாவது, நாட்டுப் பூண்டு, நசுக்காமல் முழுப் பல்லாக. பூண்டை நசுக்கினால்தான் காரமான வாசனை கிளம்பும், முழுசாக வெந்தால் இனிப்பாக அடங்கிவிடும். ஏழாவதில் தேங்காயை முதலில் போடாமல் கடைசியில் போட்டேன். எட்டாவது தடவை ஊரிலேயே, விறகு அடுப்பில், தாமிரபரணித் தண்ணீரில் வைத்தேன். சென்னை போர்வெல் தண்ணீர் கடினம். அந்தச் சுண்ணாம்புச் சத்துக்குப் பருப்பு சீக்கிரம் வேகாது. உங்கள் ஊர்ப் பருப்பு நகரத்தில் அடம்பிடித்தால் இதைச் சந்தேகப்படுங்கள், குடிதண்ணீர் கேன் ஒன்றை வாங்கி வைத்துப் பாருங்கள்.

எட்டாவது தடவை வாசம் அச்சாக வந்தது. அப்பா கூடத்திலிருந்து எழுந்து வந்து பானையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாப்பிட்ட அண்ணன், "நல்லா இருக்கு" என்றான். அம்மா வைத்ததை அவன் ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. பேசாமல் சாப்பிடுவான். இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எந்த வயது அம்மா, எத்தனை மணிச் சோறு

இதை நான் முதலிலேயே யோசித்திருந்தால் நாலு தடவை மிச்சமாகியிருக்கும்.

நாற்பது வருடம் சமைத்தவரின் கை ஒரே மாதிரி இருக்காது. விறகு போய் கேஸ் வரும், பானை போய் குக்கர் வரும். அப்பாவுக்குப் பிரஷர் வந்தால் உப்பு இறங்கும். வயதாக ஆக வாசனையும் ருசியும் மட்டுப்படுவதால், சிலர் தெரியாமலேயே உப்பும் புளியும் கூட்டிக்கொண்டே போவார்கள். அண்ணனுக்குத் தெரிந்த அம்மா விறகு அடுப்பு அம்மா. தங்கைக்குத் தெரிந்தது குக்கர் அம்மா. அவளுக்கு நான் முதல் தடவை வைத்த கூழ் பிடித்திருந்தது! இரண்டு பேரும் சொல்வது சரிதான். உடன்பிறந்தவர்கள் "அம்மா இப்படி வைக்கவே மாட்டா" என்று சண்டை போட்டால், எந்த வருடத்து அம்மாவைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். எந்த வருடத்தைத் தேடுகிறீர்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒன்பதாவது தடவை நான் எதையும் மாற்றவில்லை. அதே பானை, அதே அரிசி. அண்ணன் மதியம் வருவதாகச் சொன்னவன், பஸ் தாமதமாகிச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தான். பானையை மூடி அடுப்பின் சாம்பல் சூட்டிலேயே வைத்திருந்தேன். திறந்தபோது சோறு இறுகியிருந்தது. உளுந்தின் கொழகொழப்பு சூடு குறையக் குறைய உறைந்து, கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்தில் இருந்தது. மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் துவையலை ஓரத்தில் வைத்துக் கொடுத்தேன். அவன் ஒரு கட்டியை உடைத்துத் துவையலில் தொட்டு வாயில் வைத்தான். மூன்றாவது வாய்க்குப் பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்னதுல்லாட்டி இது" என்றான்.

மதினி சொன்ன பதினோரு மணி அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா பதினோரு மணிக்கு உளுந்து வறுத்து, பன்னிரண்டரைக்கு இறக்கி வைப்பாள். நாங்கள் நாலரைக்கு வந்து சாப்பிடுவோம். பள்ளிக்கூட நாட்களில் அந்தச் சோற்றைச் சுடச்சுட நாங்கள் கண்டதே இல்லை. எட்டுத் தடவையும் நான் அப்பா சாப்பிட்ட சோற்றை வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிட்ட சோற்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் செய்முறைக்கு முன்னால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? சுடச்சுடவா, ஆறியா, மறுநாள் பழையதாகவா? தட்டிலா, தூக்குவாளி மூடியிலா, அவர் உள்ளங்கையில் உருட்டி வைத்ததா? என்ன பசியில்? மறுநாள் மீன்குழம்பு, சுண்டக்கறி, டிபன் பாக்ஸில் ஆறிப்போன எலுமிச்சைச் சோறு என்று நம்மில் பலர் தேடுவது அடுப்பிலிருந்து இறங்கிச் சில மணி நேரம் கழிந்த சாப்பாடு.

எந்த நாளில் வைப்பது

படையலில் போனவருக்குப் பிடித்ததை வைப்பது நம் ஊரில் எல்லாப் பக்கமும் உள்ள வழக்கம்தான். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் இலை போட்டுக் காக்கைக்கு வைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி என்ற காரியத்தை முடித்துப் படைக்கும்போது அவருக்குப் பிடித்த பலகாரங்களை வைப்பார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து அவருக்குப் பிடித்ததைச் சமைக்கும் வீடுகள் உண்டு. அவர் பெயரால் இல்லாதவர்களுக்குச் சோறு கொடுக்கும் முஸ்லிம் வீடுகள் உண்டு. ஈழத்தில் 2009 போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய சனங்கள் உயிர் தரிக்கக் குடித்த உப்புக்கஞ்சியை, மே 18ஐ ஒட்டி ஒவ்வொரு வருடமும் காய்ச்சிப் பகிர்கிறார்கள். நினைவுச் சோறு ருசியாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை என்பதற்கு அந்தக் கஞ்சியைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சடங்குச் சமையலுக்குக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் வீட்டில் அமாவாசைக்கு வெங்காயம், பூண்டு சேராது. பூண்டில்லாத உளுந்தம்பருப்புச் சோறு என்று ஒன்று கிடையாது. இதற்காகப் பெரியவர்களோடு மோத வேண்டாம், வேறு நாள் பாருங்கள். அம்மாவின் பிறந்தநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ எழுதிவிட்ட தேதி. நாங்கள் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நாளை எடுத்துக்கொண்டோம். லீவு முடிந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கட்டாயம் அந்தச் சோறுதான் என்று அம்மா வைத்திருந்தாள்.

வீட்டில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ முன்கூட்டியே கேளுங்கள். ஆச்சரியப்படுத்துகிறேன் என்று திடீரென்று முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டாம். சிலருக்கு அந்த வாசம் தாங்காது. எங்கள் அப்பா முதல் வருடம் வேண்டாம் என்றார், நாங்களும் விட்டுவிட்டோம்.

முடியாத நாட்கள்

எள் வறுக்கும்போது எனக்கு முடியாமல் போனது. பாபநாசத்தில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அண்ணன் எள்ளும் தண்ணீரும் இறைத்த காட்சி கண்ணில் நின்றது. அதே எள்ளை வாணலியில் போட்டுக் கரண்டியால் கிண்ட கை வரவில்லை. ஐந்து தடவை துவையல் இல்லாமல்தான் வைத்தேன். அப்புறம் ஒரு நாள் சித்தி வந்து வறுத்துக் கொடுத்தாள், நான் அரைத்தேன். ஒரு வேலைக்குக் கை வரவில்லையென்றால் அதை மட்டும் வேறொருவர் கையில் கொடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அழுதுவிட்டு வந்தாலும் சரிதான். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

புதிதாக இழந்தவர்களுக்கு இந்தத் தேடல் எதுவும் வேண்டாம். கஞ்சி போதும். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அதன் அருமை அந்த நேரத்தில்தான் தெரியும். மாதக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

எழுதி வைப்பது

கிடைத்துவிட்டால் அன்றைக்கே எழுதுங்கள். கிராமும் வேண்டும், அவர் வார்த்தையும் வேண்டும். "வெந்தயம் 6 கிராம்" என்பதற்குப் பக்கத்தில் "பச்சையாகத்தான், வறுத்தா கசக்கும்பா" என்று எழுதினால்தான் அது அவருடைய சோறு. யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே ஆரம்பியுங்கள். நான் சித்தியின் புளிமிளகாயை அவள் கையாலேயே நிறுத்து எழுதிவிட்டேன்.

எங்கள் நோட்டில் உள்ளபடி, நாலு பேருக்கு:

அம்பை 16 புழுங்கல் அரிசி 300 கிராம், உடைத்த தொலி உளுந்து 150 கிராம், நாட்டுப் பூண்டு 20 பல், சீரகம் 1 டீஸ்பூன், வெந்தயம் 6 கிராம், துருவிய தேங்காய் அரை மூடி, கல் உப்பு 12 கிராம், தண்ணீர் சுமார் 1.6 லிட்டர், மேலே விட நல்லெண்ணெய். அப்பாவுக்குத் தனியாக எடுத்து வைப்பதாக இருந்தால் உப்பு பாதி.

துவையலுக்கு: கருப்பு எள் 50 கிராம், வற்றல் மிளகாய் 6, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, பூண்டு 3 பல், தேங்காய்த் துருவல் ஒரு பிடி, உப்பு.

உளுந்தை எண்ணெய் விடாமல் மிதமான தீயில் வறுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அதுதான் பதம். ஆறியதும் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பூண்டு, சீரகம், வெந்தயத்தோடு போடுங்கள். உளுந்தை நசுக்கினால் நடுவில் மட்டும் கடினமாக இருக்கும்போது கழுவிய அரிசியைச் சேருங்கள். அரிசி முக்கால் பதம் வெந்ததும் தேங்காயும் உப்பும். தண்ணீர் அரிசிக்கு மேலே லேசாகத் தெரியும் நிலையில் தீயைக் குறைத்து மூடுங்கள். அடியில் ஒட்டும், கிளற வேண்டாம். அந்தக் காந்தலைச் சுரண்டும் உரிமை எங்கள் வீட்டில் கடைக்குட்டிக்கு.

சோறு புழுங்கும் நேரத்தில் எள்ளை வறுங்கள். படபடவென்று வெடித்து அடங்கும்போது இறக்க வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினால் கசப்பு. மிளகாயை நல்லெண்ணெயில் கருகாமல் வறுத்து, எல்லாம் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மியில்.

பன்னிரண்டரைக்கு இறக்கிவிடலாம். மூடி, கனமான துணி சுற்றி, அடுப்புச் சூடு படும் இடத்தில் வையுங்கள். தேங்காய் சேர்ந்த சோறு, வெயில் காலத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. என் மகளின் பள்ளிக்கூட வண்டி நாலரைக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அதுவரை மூடியைத் திறக்க வேண்டாம்.